ஜில்மோ போன் விற்குமா என்று மச்சானுக்கு எழுத்தில் கொடுத்தது

திருவண்ணாமலை,
9.10.2009, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சக்கரவர்த்தி அவர்களின் சமூகத்திற்கு,

கண்ணாயிரம் கைகூப்பி எழுதிக்கொண்டது. ஆரணியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே தங்கள் தங்கை ரேணுகாம்பாள் பரம சௌக்கியம், குரலிலேயே தெரியும். எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வரும் தங்கள் மகள் கவியாவும் சௌக்கியம்தான், ஆனால் நாலு நாளாக இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. எனக்கு இடது முழங்கால் நீங்கலாக மற்ற பாகங்கள் எல்லாம் சௌக்கியம். முழங்காலின் காரணம் கடிதத்தின் நடுவில் வரும்.

போன மாதம் தாங்கள் இங்கே வந்திருந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "அந்தப் பையன் நம்பினு இருக்கற ஜில்மோ போனு விக்கும்னா பொண்ணு குடுக்கறேன். விக்காதுன்னா வேற எடம் பாத்துக்கறேன். நீங்க இதே ஊர்ல இருக்கீங்க, நல்லா விசாரிச்சி சொல்லுங்க. வாயால சொல்ற கதையே வேணாம், எழுத்துல குடுங்க" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு ஆபீசில் உட்கார்ந்தவர், எழுத்தில் இல்லாததை நம்ப மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். பையனைத் தாங்கள் ஒரு தடவைதான் பார்த்தீர்கள். பெயர் இளஞ்செழியன். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும் (தாங்கள் பத்திரத்தில் நிலக்கடலை என்று எழுதுவீர்களே, அதேதான்) போடுகிற குடும்பம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து நன்றாகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். நம் கவியா அந்தக் கடையில் ஒன்றுமே ஆகாத போனை நாலு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தாள். நாலாவது தடவை அவர் கூலி வாங்கவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் தாங்கள் அறிந்ததே. இப்போது இந்த ஜில்மோ கம்பெனிக்காரர்கள் மாவட்டத்துக்கே அவரை ஏஜெண்டாகப் போட்டிருக்கிறார்கள். வேறு கம்பெனி போன் விற்கக்கூடாது, ரிப்பேர் வேலையும் செய்யக்கூடாது என்று நிபந்தனை. பையன் ரிப்பேர் மேசையைத் தூக்கி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டாயில் போட்டுவிட்டார். போன் வருகிற திங்கட்கிழமைதான் வருகிறது. விற்றால் தீபாவளி, விற்காவிட்டால் அந்த மேசையைக் கழுவி எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

விற்குமா விற்காதா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தாங்கள் நினைக்கக்கூடாது. மார்க்கெட் கமிட்டியில் இருபத்தெட்டு வருடம் மல்லாட்டைக்குத் தரம் பார்த்தவன் நான். வண்டியில் ஐம்பது மூட்டை வந்து இறங்கும். நான் ஒரே ஒரு மூட்டையில் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுப்பேன். காதருகில் வைத்து ஒரு குலுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு நசுக்கு. பருப்பு எப்படி, எண்ணெய் எவ்வளவு, அடுத்த வாரம் விலை ஏறுமா இறங்குமா, மூன்றையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தொண்ணூற்றேழில் தப்பியது என்று தங்கள் தங்கை இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். அது மழை செய்த தப்பு, நான் செய்ததல்ல. ஐம்பது மூட்டைக்கு ஒரு பிடி போதும் என்றால் ஒரு ஊருக்கும் ஒரு பிடி மனுஷர் போதும். இந்தக் கணக்கில்தான் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் விளம்பரத்தைச் சொல்கிறேன், தாங்கள் ஆரணியில் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் ஆளும் இல்லை, போனும் இல்லை. ஒரே ஒரு விரல் மட்டும், கீழே 'ஒரு விரல் போதும்' என்ற எழுத்து. ஒரு மாதமாக ஊரே அந்த விரலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறது. எதிர்வீட்டு ஜோதியம்மாள் அதை நகச்சுற்றுக்கு மருந்து என்று நினைத்து இரண்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டுவிட்டு வந்தாள். போன வாரம் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வந்து, "பட்டனே இல்லாத போன்! இன்னும் ஒன்பதே நாள்!" என்று கத்திவிட்டுப் போனது. பட்டன் இல்லை என்பதைக் குறையாகச் சொல்கிறானா, பெருமையாகச் சொல்கிறானா என்று டீக்கடையில் பெரிய தர்க்கம். பட்டன் இல்லாத சட்டையை யாராவது பேனர் கட்டி விற்பானா என்று நான் கேட்டுவிட்டு வந்தேன்.

நேராகப் பையனுடைய கடைக்கே போனேன். சாம்பிளுக்கு வந்திருந்த ஒரே ஒரு போனை வெல்வெட் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் வழக்கப்படி காதருகில் வைத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை. மல்லாட்டையில் சத்தமில்லை என்றால் பருப்பு முற்றிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், நல்ல சகுனம்தான். ஆனால் பையன் முகம் வெளுத்துவிட்டது. "சார், பாத்து சார், அது ஒண்ணுதான் இருக்குது" என்றார். "சரி தம்பி, எப்படித் தெறக்கறது?" என்றேன். "கண்ணாடி மேல வெரல வெச்சி லேசா இப்படி இழுங்க சார், அவ்ளோதான்" என்றார். ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தேன். திறக்கவில்லை. அழுத்தி இழுத்தேன். கட்டைவிரலால் இழுத்தேன். இடது கையால் இழுத்தேன். பதினோரு தடவை இழுத்தாகிவிட்டது, கோயில் கதவு மாதிரி அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் காவி ஜிப்பா போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா ரீசார்ஜுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் சுண்டுவிரலை நீட்டி ஒரு தொடு தொட்டார், பளிச்சென்று திறந்துகொண்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபத்தெட்டு வருடம் மல்லாட்டையை நசுக்கி நசுக்கிக் காய்த்துப்போன விரல் இது; கொதிக்கிற டம்ளரைத் துணி இல்லாமல் பிடிக்கும். ஆனால் இந்தக் கண்ணாடி என்னை மனுஷனாகவே மதிக்கவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேறு கடைக்காரனாக இருந்தால் 'உங்க விரல் சரியில்லீங்க' என்று சொல்லியிருப்பான். இந்தப் பையன் சொல்லவில்லை. போனை வாங்கித் துடைத்துவிட்டு, "புதுசு இல்லீங்களா சார், பெரியவங்கன்னா கூச்சப்படுது. ரெண்டு நாள் உங்க வீட்லயே வெச்சிக்குங்க, பழகிடும்" என்று என் சட்டைப்பையில் போட்டு அனுப்பினார். இருக்கிற ஒரே சாம்பிளை! அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

விரலை விட்டுவிடுவோம், ஊர் என்ன நினைக்கிறது என்று பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஊர் மட்டுமல்ல, ஜில்லாவே ஒரே இடத்தில் கிடைப்பது எப்போது? பௌர்ணமிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் தங்கையையும் ஜோதியம்மாளையும் கூட்டிக்கொண்டு, கையில் நாற்பது பக்க நோட்டுடன் கிரிவலம் கிளம்பினேன். இதைவிட நல்ல சாம்பிள் உண்டா? வேலூர்க்காரன் வருகிறான், செஞ்சிக்காரன் வருகிறான், ஆந்திராக்காரன் வருகிறான், பணக்காரனும் ஏழையும் ஒரே மாதிரி செருப்பில்லாமல் நடக்கிறான். 'தீபாவளிக்கு ஜில்மோ போன் வாங்குவீர்களா?' என்று ஒரே கேள்வி. அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் ஒன்பது பேரைக் கேட்டேன், ஒன்பது பேரும் வாங்குவேன் என்றார்கள். எம லிங்கத்துக்குள் இருபத்திரண்டு, இருபத்திரண்டும் வாங்குவேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கவியாவின் கல்யாணச் சாப்பாட்டில் பாயாசம் சேமியாவா பருப்பா என்றுகூட யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த யோசனையில் ஒரு கல்லை மிதித்து முழங்கால் திரும்பியது. அது கிடக்கட்டும். குபேர லிங்கத்தில் கணக்குப் பார்த்தால் அறுபத்திரண்டு பேரைக் கேட்டு அறுபத்திரண்டும் வாங்குவேன். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. எந்த மூட்டையிலும் ஒரு சொத்தையாவது இருக்கும் மச்சான். சொத்தையே இல்லாத மூட்டை என்றால் யாரோ மேலே நல்லதாகப் பார்த்துப் பரப்பிவைத்திருக்கிறான் என்று அர்த்தம். சந்தேகத்துக்கு, பக்கத்தில் நடந்த ஒரு கிழவரைக் கேட்டேன். "ஐயா, தீபாவளிக்கு ஒரு ரோடு ரோலர் வாங்கறீங்களா?" அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அவன் குடுத்தா வாங்கிக்கலாம்பா" என்றார்.

தங்கள் தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இன்னாங்க நீங்க, மலை சுத்தறப்போ போயி கேக்கறீங்க? இங்க யாராவது வாயால வேணாம், இல்லன்னு சொல்லுவாங்களா? நல்ல வார்த்தைதான வரணும்!" என்றாள். "இத ஏன்டீ காலையிலேயே சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களா? நோட்டுல எழுதிக்கினே வந்தீங்க, சரி, ஏதோ வேண்டுதலைன்னு நெனச்சேன்" என்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் என் தோளில் தொங்கிய பையில் ஒரு ருத்ராட்ச மாலை, மூன்று பாக்கெட் மூலிகைப் பொடி, ஒரு பிளாஸ்டிக் மயில். வழியில் விற்றவர்கள் நீட்டினார்கள், நானும் ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுபத்திரண்டு பேருடைய பதிலும் குப்பைக்குப் போயிற்று.

கடைசியில் எனக்குத் தெரிந்த இடத்துக்கே திரும்பினேன். புதன்கிழமை அந்த சாம்பிள் போனை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே கமிட்டிக்குப் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள், எடை போடுகிறவர்கள், மல்லாட்டை கொண்டுவந்த விவசாயிகள் என்று பதினாறு பேரை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பதினாறு விரல், ஒன்றுக்கும் திறக்கவில்லை. ஒருவர் கோபத்தில் மல்லாட்டையை நசுக்குவது போலவே நசுக்கப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது மண்ணையும் மூட்டையையும் தொட்ட கைகள் இருக்கிற ஜில்லா. ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் கை மெத்தென்று இருக்கலாம், அவர்கள் இங்கே போன் வாங்க வரவில்லை, போனை மறக்க வருகிறார்கள். நம் ஜனங்கள் கைக்குத் திறக்காத பொருளை நம் ஜனங்கள் எப்படி வாங்குவார்கள்?

ஆகவே மச்சான், என் முடிவு: விற்காது.

எனக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. நேற்று முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். விற்குமா விற்காதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில், 'விற்கும்' என்று நாலெழுத்து எழுதிப்போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் சொந்தத் தம்பி மல்லாட்டை கொண்டுவந்தபோதும் சொத்தையைச் சொத்தை என்றுதான் சொன்னேன். அவன் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. இப்போது மட்டும் பொய் சொல்ல எனக்கு வராது. போன் விற்காது. ஆனால் அதற்காகப் பையனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. தாங்கள் கேட்டது போனைப் பற்றி மட்டும் என்பதால் அதை நான் கேட்கவில்லை. மேலே எழுதிவிட்டேனே என்கிறீர்களா, அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோருக்கும் அண்ணாமலையார் ஆயுசும் நல்ல கண்பார்வையும் கொடுப்பாராக. என் கையெழுத்தைப் படிக்க இரண்டாவது அவசியம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்,
கண்ணாயிரம்
(தரம் பார்ப்பவர், ஓய்வு)

பின்குறிப்பு: 11.10.2009, ஞாயிற்றுக்கிழமை. மேலே எழுதிய எல்லாமே ரத்து. நேற்று மத்தியானம் நான் ஸ்டாம்பு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, அலமாரி மேல் வைத்திருந்த சாம்பிள் போன் அடித்தது; பழகிவிட்டதா என்று கேட்கப் பையன்தான் கூப்பிட்டிருக்கிறார். தங்கள் தங்கை சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை முந்தானையில் பாதி துடைத்தும் துடைக்காமலும் ஓடிவந்து ஒரு விரலை வைத்தாள். திறந்துகொண்டது. பேசிவிட்டு வைத்தாள், மறுபடி தொட்டாள், மறுபடியும் திறந்தது. "இன்னாங்க, பதினாறு பேருக்குத் தெறக்கலன்னு சொன்னீங்க?" என்கிறாள். நானும் விரலை நனைத்துத் தொட்டேன், எனக்கும் திறந்தது. ஈரம்தான் மச்சான் சங்கதி! காய்த்த விரலானாலும் துளி ஈரம் இருந்தால் அந்தக் கண்ணாடிக்குத் தெரிகிறது. கமிட்டியில் சுக்கு மாதிரி காய்ந்த பதினாறு விரலை வைத்து நான் ஒரு ஜில்லாவையே தள்ளிவிட்டேன். அடுப்படியில் ஈரக் கையோடு நிற்கிற பாதி ஜில்லாவை நான் சாம்பிளில் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும், ஏனென்றால் அவள் உடனே அதே போனில் தங்களைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தப் போனு எனக்கு ஒண்ணு வேணும்னு எழுதிவெச்சிட்டேன், ஜோதியம்மாளுக்கு ஒண்ணு, நம்ம தெருவுல இன்னும் ஏழு பேரு கேக்கறாங்க, தை மாசத்துல நல்ல நாள் பாரு" என்று சொல்லி, தாங்களும் "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டீர்களாமே. எழுத்தில் வேண்டும் என்று என்னிடம் போன மாதம் சொன்னவர், தங்கையிடம் நாலு நிமிஷத்தில் வாயாலேயே முடித்துவிட்டீர்கள். இருக்கட்டும். கவியா நேற்று ஆறு இட்லி சாப்பிட்டாள்.

கமிட்டியில் நோட்டு எண்ணும்போது விரலை நனைக்க மேசையில் ஈர ஸ்பாஞ்சு டப்பா இருக்குமே, தங்கள் ஆபீசிலும் இருந்திருக்கும், ரிட்டயர் ஆன அன்று என்னுடையதை ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். கடையில் போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுத் தொட்டுத் திறக்கிறார்கள். இனி போன் விற்கும். எழுத்தில் கொடுத்தாயிற்று.

இன்னொன்று. இன்று காலை தங்களுக்கு மூன்று தடவை போன் வந்து, தாங்கள் "ஹலோ, ஹலோ, யாருடா அது" என்று கத்தியும் யாரும் பேசவில்லை என்று தங்கையிடம் குறை சொன்னீர்களாம். அது நான்தான். கடையில் விரலை நனைத்துத் தொட்டுத் திறந்தேன், தங்கை கடைசியாகப் பேசிய தங்கள் நம்பருக்கே அது போய்விட்டது, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கள் குரல் கேட்டது, ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுதியாகிவிட்டதால் பேசாமல் இருந்தேன்.